எஸ்.டி.ஜி. இலக்குகளை ஊராட்சிக்குள் கொண்டுவருவது: எங்கிருந்து தொடங்கலாம்?

ஒரு சிறு தொண்டு நிறுவனத்தில் வேலை பார்ப்பவர் கேட்டிருக்கும் கேள்வி இது: "தமிழ்நாட்டில் மூன்று ஊராட்சிகளில் வேலை செய்கிறோம். ஐ.நா.வின் 17 நிலையான வளர்ச்சி இலக்குகளை (எஸ்.டி.ஜி.) மக்களிடம் கொண்டு சேர்க்க வேண்டும் என்பது நிதி தருபவர்கள் போட்ட நிபந்தனை. பயிற்சி நடத்தினோம், ஊராட்சி அலுவலகச் சுவரில் 17 வண்ணக் கட்டங்களையும் வரைந்தோம். வந்தவர்கள் டீ குடித்துவிட்டுப் போய்விட்டார்கள். எந்த இலக்கிலிருந்து தொடங்குவது? மக்களை எப்படி உள்ளே இழுப்பது?"

எந்த இலக்கிலிருந்தும் தொடங்க வேண்டாம். ஊரில் ஏற்கெனவே ஏதாவது ஒன்றுக்காகச் சண்டை நடந்துகொண்டிருக்கும். கடைசித் தெருவுக்குத் தண்ணீர் வராதது, சுடுகாட்டுப் பாதை, மழை பெய்தால் பள்ளிக்கூடத்துக்குள் வரும் சாக்கடை, நிறுத்தப்பட்ட டவுன் பஸ். அதிலிருந்து தொடங்குங்கள். 17 இலக்குகளுக்கும் அங்கே வேலை உண்டு, ஆனால் அது இரண்டாவதாக வரும் வேலை. இந்தத் தீர்வில் யார் விட்டுப்போனார்கள், இந்தப் பிரச்சினை வேறு எதோடு முடிச்சுப் போட்டுக் கிடக்கிறது என்ற இரண்டு கேள்விகளை விடாமல் கேட்க வைப்பதற்கு அவை பயன்படும். ஊர்மட்டத்தில் எஸ்.டி.ஜி.யால் கிடைக்கும் பெரிய லாபம் இந்த இரண்டு கேள்விகள்தான் என்பது என் கருத்து. மற்றதெல்லாம் நம்முடைய அறிக்கைக்கு.

பின்னணியைச் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். 2015 செப்டம்பரில் ஐ.நா.வில் 193 நாடுகள் ஒப்புக்கொண்டவை இந்த 17 இலக்குகள், கீழே 169 உப இலக்குகள், கெடு 2030. ஒப்புக்கொண்டவை நாடுகள்தாம் என்றாலும் வேலை நடக்க வேண்டிய இடம் பெரும்பாலும் உள்ளாட்சி. உள்ளாட்சிகளை முறையாகச் சேர்த்துக்கொள்ளாமல் 169-இல் குறைந்தது 105-ஐ எட்ட முடியாது என்று, பெரும்பாலும் வளர்ந்த நாடுகள் சேர்ந்த பொருளாதார அமைப்பான ஓ.இ.சி.டி. மதிப்பிட்டிருக்கிறது. இந்தியாவில் 1993-இல் நடைமுறைக்கு வந்த 73-ஆவது அரசியல் சட்டத் திருத்தம், ஊராட்சிகளிடம் ஒப்படைக்கத் தக்கவை என்று 29 பொருள்களைப் பட்டியலிட்டது. குடிநீர், சிறுபாசனம், சாலை, சுகாதாரம், பள்ளி, சமூகக் காடு வளர்ப்பு, பெண்கள் குழந்தைகள் நலம் என்று போகும் அதைப் படித்துப் பாருங்கள், ஏறக்குறைய எஸ்.டி.ஜி. பட்டியல்தான். 22 வருடம் முன்னதாகவே வந்துவிட்டது. அந்த 29-இல் தமிழ்நாட்டு ஊராட்சிகளின் கைக்கு உண்மையில் வந்து சேர்ந்தவை எவ்வளவு என்பது தனிக் கதை.

17 என்பது ஊராட்சிக்குக் கட்டுப்படியாகாது என்று ஒன்றிய பஞ்சாயத்து ராஜ் அமைச்சகமும் ஒத்துக்கொண்டு, 2021-இல் ஒரு வல்லுநர் குழுவை வைத்து அவற்றை ஒன்பது கருப்பொருள்களாகச் சுருக்கியது. வறுமை இல்லாத ஊர், நலமான ஊர், குழந்தைகளுக்கு உகந்த ஊர், தண்ணீர்த் தட்டுப்பாடு இல்லாத ஊர், சுத்தமான பசுமையான ஊர், அடிப்படை வசதியுள்ள ஊர், சமூகப் பாதுகாப்புள்ள ஊர், நல்ல நிர்வாகம் உள்ள ஊர், பெண்களுக்கு உகந்த ஊர். இப்போது ஊராட்சி செயலர் வருடா வருடம் இணையத்தில் ஏற்றும் 'கிராம ஊராட்சி வளர்ச்சித் திட்டம்' இந்த ஒன்பதையும் ஒட்டித்தான் தயாராக வேண்டும். சுவரில் வரைந்த படத்துக்கு எந்த அதிகாரமும் கிடையாது. இந்தத் திட்ட ஆவணத்துக்கு உண்டு. அதில் இடம்பெறாத வேலைக்கு, ஒன்றிய அரசு தரும் நிதிக்குழு மானியத்திலிருந்து பணம் எடுக்க முடியாது. ஆகவே உங்கள் முயற்சி எல்லாம் கடைசியில் அந்த ஆவணத்தில் ஒரு வரியாக விழ வேண்டும். விழவில்லை என்றால் பயிற்சி நடந்தது என்பதோடு சரி.

தண்ணீரை எடுத்துக்கொண்டு கொஞ்சம் விரிவாகப் பார்க்கலாம். பெரும்பாலான ஊர்களில் உங்கள் முதல் வேலை அதுவாகத்தான் இருக்கும்.

ஊராட்சிப் பதிவேட்டில் எல்லா வீட்டுக்கும் குடிநீர் இணைப்பு கொடுத்தாயிற்று என்று இருக்கும். 2019-இல் தொடங்கிய ஜல் ஜீவன் திட்டத்தின் கணக்கு ஆளுக்கு ஒரு நாளைக்கு 55 லிட்டர். தண்ணீருக்கான ஆறாவது இலக்கின் அளவுகோல் இதைவிடக் கறாரானது. வீட்டு வளாகத்துக்குள் கிடைக்க வேண்டும். வேண்டும்போது கிடைக்க வேண்டும். மலக்கிருமியும் ஃப்ளோரைடு, ஆர்சனிக் போன்றவையும் அளவு மீறாமல் இருக்க வேண்டும். மூன்றும் சேர்ந்து இருந்தால்தான் அந்த வீடு கணக்கில் வரும். குழாய் மட்டும் இருந்தால் வராது.

இதை மக்களுக்குப் புரியவைக்க வகுப்பு எடுக்க வேண்டியதில்லை. காலையில் டேங்க் ஆபரேட்டர் வால்வைத் திறக்கும் நேரத்துக்குக் கடைசித் தெருவில் போய் நில்லுங்கள். முதல் தெருவில் தண்ணீர் வந்து எவ்வளவு நேரம் கழித்து இங்கே வருகிறது, ஒரு குடம் நிறைய எத்தனை நிமிடம் ஆகிறது, எத்தனை குடம் பிடித்ததும் நின்றுபோகிறது என்று அந்தத் தெருப் பெண்களையே குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள். நடுத்தெருவில் யார் வீட்டில் குழாயிலேயே மோட்டார் மாட்டி உறிஞ்சுகிறார்கள் என்பது ஊருக்கே தெரியும். அதை யாரும் வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள், ஆனால் நேரக்கணக்கு சொல்லிவிடும். அப்படியே குழாயின் அடியைப் பாருங்கள். அழுத்தம் இல்லாததால் பல வீடுகளில் வாசலில் குழி தோண்டி, குழாயைத் தரைமட்டத்துக்குக் கீழே வெட்டி இறக்கி, குழிக்குள் குடத்தை வைத்துப் பிடிப்பார்கள். தண்ணீர் நின்றதும் குழியில் தேங்கிய அழுக்குத் தண்ணீர் குழாய்க்குள் திரும்பப் போகும். அடுத்த நாள் முதல் குடத்தில் வருவது அதுதான். வயிற்றுப்போக்குக்குக் காரணம் தேடி ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டாம், வாசலிலேயே இருக்கிறது.

அப்புறம் குளோரின். மேல்நிலைத் தொட்டியில் 1,000 லிட்டருக்கு 4 கிராம் பிளீச்சிங் பவுடர் என்பது நம் ஊர்களில் சொல்லித்தரும் கணக்கு. 30,000 லிட்டர் தொட்டி என்றால் 120 கிராம். பவுடரை அப்படியே தொட்டியில் கொட்டக் கூடாது. வாளியில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் படியவிட்டு, தெளிந்த நீரை மட்டும் ஊற்றி, அரைமணி நேரம் கழித்துத்தான் வால்வைத் திறக்க வேண்டும். கடைசிக் குழாயில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரினாவது மிஞ்சியிருக்க வேண்டும். சோதனைக் குப்பியில் தண்ணீர் பிடித்து மருந்தைச் சொட்டு விட்டால் மஞ்சள் நிறம் வரும். நிறமே வராவிட்டால் குளோரின் வந்து சேரவில்லை. பவுடர் மூட்டை பிரித்து மாதக்கணக்கில் கிடந்தால் வீரியம் போயிருக்கும் என்பதையும் கவனியுங்கள். ஒவ்வொரு ஊரிலும் ஐந்து பெண்களுக்குத் தண்ணீர்ச் சோதனைப் பெட்டியைக் கையாளப் பயிற்சி தர வேண்டும் என்பது ஜல் ஜீவன் திட்டத்தின் விதி. உங்கள் மூன்று ஊராட்சிகளிலும் அந்தப் பெட்டி எங்கே இருக்கிறது என்று விசாரியுங்கள். பீரோவுக்குள் இருந்தால் ஆச்சரியப்பட வேண்டாம். அதை வெளியே எடுக்க வைப்பதே ஒரு நல்ல முதல் வேலை.

தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம் என்றால் ஃப்ளோரைடையும் பார்த்தாக வேண்டும். இந்தியத் தர நிர்ணயத்தின்படி லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை சரி. வேறு வழியே இல்லை என்றால் 1.5 வரை பொறுத்துக்கொள்ளலாம். அதற்கு மேல் போனால் பிள்ளைகளின் பல்லில் பழுப்புக் கோடு விழும், வருடக்கணக்கில் குடித்தால் எலும்பைத் தாக்கும். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் அந்த மாவட்டங்களுக்கு வந்ததே இதற்காகத்தான். கூட்டுக் குடிநீரை அதே தொட்டியில் போர் தண்ணீரோடு கலந்து விடும் ஊரில் இலக்கு எட்டப்பட்டதா என்பதைச் சோதனைப் பெட்டிதான் சொல்ல வேண்டும். காய்ச்சிக் குடித்தால் சரியாகிவிடும் என்று நினைப்பவர்களிடம் தெளிவாகச் சொல்லுங்கள்: காய்ச்சினால் கிருமி சாகும், ஃப்ளோரைடு போகாது. தண்ணீர் வற்றிய அளவுக்கு அது இன்னும் கூடத்தான் செய்யும்.

இவ்வளவும் திரட்டியதும் கணினியில் அட்டவணை போட உட்காராதீர்கள். பள்ளி மைதானம் போன்ற பொது இடத்தில் கோலமாவில் ஊரை வரையச் சொல்லுங்கள். தெரு, தொட்டி, வால்வு, குழாய். ஒவ்வொரு தெருவுக்கும் எத்தனை குடம் கிடைக்கிறதோ அத்தனை புளியங்கொட்டை. புதுவாழ்வுத் திட்டக் காலத்தில் 'மக்கள் நிலை ஆய்வு' (ஊரில் ஏழைகள் யார் என்று மக்களே கண்டறிவது) செய்த ஊர்களில் மகளிர் சுயஉதவிக் குழுக்களின் மூத்த பெண்களுக்கு இது நன்றாகத் தெரியும். அவர்களே முன்னால் வந்து வரைவார்கள். எழுத்துத் தெரிந்தவர்கள் ஓரம் கட்டப்படும் கூட்டம் இது ஒன்றுதான். முதல் தெருவில் கொட்டை குவிந்தும் கடைசித் தெருவில் நாலே நாலும் கிடக்கும்போது தலைவரும் பார்ப்பார், வார்டு உறுப்பினரும் பார்ப்பார். இடம் மட்டும் முக்கியம். காலனி மக்கள் தயங்காமல் வந்து உட்காரும் இடமாக இருக்க வேண்டும். கோவில் திடல் பல ஊர்களில் அப்படிப்பட்ட இடம் இல்லை.

அந்தக் கடைசித் தெரு யாருடையது என்பதைச் சொல்லாமல் தண்ணீரைப் பற்றிப் பேச முடியாது. 2022 டிசம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில், பட்டியல் சாதி மக்கள் குடித்துவந்த மேல்நிலைத் தொட்டியில் மலம் கலக்கப்பட்டிருந்தது தெரியவந்தது. ஆறாவது இலக்கான தண்ணீரும் பத்தாவது இலக்கான சமத்துவமின்மைக் குறைப்பும் ஒரே தொட்டிக்குள் கிடந்தன. "யாரையும் விட்டுவிடக் கூடாது" என்பது ஐ.நா. ஆவணத்தில் நல்ல வாசகமாக இருக்கிறது. ஊரில் அதற்கு அர்த்தம், சராசரியை ஏற்றுக்கொள்ளாமல் தெருவாரியாகக் கணக்குக் கேட்பது. சராசரி எப்போதும் கடைசித் தெருவை மறைத்துவிடும்.

சராசரி என்றதும் மதிப்பெண் விவகாரத்தைச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஒன்றிய அரசின் கொள்கை ஆலோசனை அமைப்பான நிதி ஆயோக் வெளியிட்ட 2023-24 எஸ்.டி.ஜி. பட்டியலில் தமிழ்நாட்டுக்கு நூற்றுக்கு 78. கேரளமும் உத்தராகண்டும் 79. நாட்டுச் சராசரி 71. பெருமைப்படலாம், தப்பில்லை. அதே தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை என்று 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வு சொல்கிறது. இரண்டும் ஒரே மாநிலத்தின் எண்கள்தாம். ஊர்மட்டத்துக்கும் இப்போது மதிப்பெண் வந்துவிட்டது. 2025 ஏப்ரலில் ஒன்றிய அரசு வெளியிட்ட முதல் ஊராட்சி முன்னேற்றக் குறியீட்டில் மதிப்பெண் போட 435 தனித்தனிக் குறியீடுகள். 2,16,285 ஊராட்சிகளை எடைபோட்டதில் உச்சப் படிநிலையில் ஒன்றுகூட இல்லை. அதற்கு அடுத்த படியில் 699. ஏறக்குறைய 61 சதவீதம் நூற்றுக்கு 40 முதல் 60 வரை வாங்கும் படியில்.

435 குறியீட்டுக்கும் எண் கொடுக்க வேண்டியிருந்தவர் யார்? பல ஊர்களில் அது ஒரே ஒரு ஊராட்சி செயலர். வீட்டு வரி ரசீது, நூறு நாள் வேலை, தெருவிளக்குப் புகார், ஒன்றிய அலுவலகக் கூட்டம் எல்லாம் முடிந்த பிறகு ராத்திரி உட்கார்ந்து எண்களை ஏற்றுவார். அதில் சில அங்கன்வாடியிலிருந்து வாட்ஸாப்பில் வந்தவை, சில போன வருடத்து எண்கள். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. குறியீடுகளை அடுத்த பதிப்பில் வெகுவாகக் குறைத்தது நல்ல முடிவு. உங்களைப் போன்றவர்கள் இந்த இடத்தில் உதவலாம்: உங்கள் ஊராட்சிக்கான எண்களை இணையத்திலிருந்து எடுத்து, கிராம சபையில் வாய்விட்டு வாசிக்கச் செய்யுங்கள். "நம் ஊரில் திறந்தவெளியில் போகிறவர் யாருமே இல்லை" என்று வாசித்தால் பின்வரிசையில் சிரிப்பு எழும். அந்தச் சிரிப்பைவிடச் சிறந்த தணிக்கை இல்லை. மதிப்பெண் குறைந்துவிடுமே என்று தலைவர் பயந்தால், முதல் வருடம் உண்மையைப் போட்டால்தான் அடுத்த வருடம் முன்னேற்றம் காட்ட முடியும் என்று சொல்லுங்கள். இந்த வாதம் பெரும்பாலும் எடுபடும்.

சரி, ரத்தசோகை என்று ஒன்றைச் சொன்னேன் அல்லவா, "எதோடு முடிச்சு" என்ற இரண்டாவது கேள்விக்கு அதுவே நல்ல உதாரணம். கர்ப்பிணி அல்லாத பெண்ணுக்கு ஹீமோகுளோபின் 12-க்குக் கீழே, கர்ப்பிணிக்கு 11-க்குக் கீழே போனால் ரத்தசோகை. சுகாதாரத் துறை மாத்திரை தருகிறது, அது அவர்கள் வேலை, ஊராட்சிக்கு என்ன என்று தோன்றும். இழுத்துப் பாருங்கள். செருப்பில்லாமல் வயல்வெளியில் நடப்பவர்களுக்குக் கொக்கிப்புழு காலின் வழியாக ஏறும்; அது குடலில் உட்கார்ந்து ரத்தத்தைக் குடிக்கும். திறந்தவெளி மலம் இருக்கும் வரை கொக்கிப்புழு இருக்கும். கழிப்பறை கட்டியிருக்கிறது, ஆனால் தண்ணீர் இல்லை என்று விறகு அடுக்கி வைத்திருக்கும் தெரு எது? அனேகமாக அதே கடைசித் தெருதான். கிராம சுகாதார செவிலியரிடம் தெருவாரியான கணக்கு இருக்கும். பெயரில்லாமல் தெரு எண்ணிக்கை மட்டும் கேளுங்கள். பெண்களின் உடல்நலக் குறிப்பைக் கூட்டத்தில் பெயரோடு வாசிக்கவே கூடாது. பள்ளிப் பிள்ளைகள் வாராந்திர இரும்புச்சத்து மாத்திரையை ஏன் ஒளித்து வைக்கிறார்கள் என்று கேட்டால் வெறும் வயிற்றில் போட்டுக் குமட்டியது, மலம் கறுத்துப் பயந்துபோனது என்று காரணம் வரும். சாப்பிட்ட பிறகு போட வேண்டும், சாப்பாட்டோடு டீ குடித்தால் இரும்புச்சத்து உடம்பில் சரியாகச் சேராது. இதையெல்லாம் சொல்ல நிபுணர் வேண்டாம், குழுவிலுள்ள ஒரு அக்கா போதும். ஊராட்சி செய்ய வேண்டியது அந்தத் தெருவுக்குத் தண்ணீர் கொடுத்துக் கழிப்பறையைப் புழக்கத்துக்குக் கொண்டுவருவது. ஒரு பைப்லைன் வேலை ரத்தசோகைக்கும் மருந்தாகிறது என்று ஒருமுறை புரிந்துவிட்டால் இலக்குகளின் பெயர்களை மனப்பாடம் செய்ய வைக்கத் தேவையே இருக்காது.

இனி பணம். இது தெரியாமல் பேசினால் செயலர் நம்மை மதிக்கமாட்டார். 15-ஆவது நிதிக்குழுக் காலத்தில், அதாவது 2021 முதல் 2026 வரை, ஒன்றிய அரசு மானியத்தில் 60 சதவீதம் கட்டுண்ட நிதியாக இருந்தது. பாதி குடிநீருக்கும் மழைநீர் சேமிப்புக்கும், மறுபாதி துப்புரவுக்கும்தான் செலவிடலாம் என்பது விதி. மிச்சம் 40 சதவீதத்தை ஊர்த் தேவைக்கு ஏற்பச் செலவிடலாம், சம்பளத்துக்கும் நிர்வாகத்துக்கும் கூடாது. அடுத்த நிதிக்குழுக் காலத்தில் பங்கீடு எப்படி என்பதை ஊராட்சி ஒன்றிய அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். இது தவிர மாநில நிதிக்குழு மானியம், வீட்டு வரி, தொழில் வரி, குடிநீர்க் கட்டணம். நமக்கு நாமே திட்டத்தில் பொதுவாக மூன்றில் ஒரு பங்கை மக்கள் தர வேண்டும். வெளியூரில் சம்பாதிக்கும் ஆட்கள் உள்ள ஊருக்கு அது சரிவரும், கூலிக்காரர்கள் மட்டுமே உள்ள ஊருக்கு வராது. கடைசித் தெரு வால்வுக்குக் குடிநீருக்கான கட்டுண்ட நிதியே போதும். சூரியசக்தி விளக்கு, பூங்கா என்று நிதி தருபவர்களுக்குப் பிடித்தவற்றைத் தூக்கிக்கொண்டு ஓடுவதற்கு முன்னால், ஏற்கெனவே ஊராட்சிக் கணக்கில் செலவாகாமல் கிடக்கும் பணம் எவ்வளவு என்று பாருங்கள்.

பணத்தை வைத்து யோசித்த ஊராட்சி என்றால் கோவை மாவட்டம் மேட்டுப்பாளையம் பக்கத்து ஓடந்துறைதான் எனக்கு முதலில் நினைவுக்கு வரும். தெருவிளக்கு, குடிநீர் மோட்டார்களின் கரண்ட் பில் ஊராட்சி வருமானத்தைத் தின்றுகொண்டிருந்தது. அப்போது தலைவராக இருந்த ஆர். சண்முகம் முன்னின்று, ஊராட்சி சேமிப்பில் 40 லட்சமும் வங்கிக் கடனாக 1 கோடியே 15 லட்சமும் போட்டு, 2006-இல் 350 கிலோவாட் காற்றாலை ஒன்றை ஊராட்சியே வாங்கியது. அது நிற்பது ஊரில் இல்லை, காற்று அடிக்கும் உடுமலைப்பேட்டை பக்கம். ஊரின் தேவை போக மிச்ச மின்சாரத்தை மின்வாரியத்துக்கு விற்றார்கள். எரிசக்திக்கான ஏழாவது இலக்கு என்ற ஒன்று எழுதப்படுவதற்கு ஒன்பது வருடம் முன்பு இது. தொடங்கியது ஒரு பில்லிலிருந்து. ஆனால் ஒன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்: ஓடந்துறையைப் பார்த்துவிட்டு வந்தவர்கள் ஏராளம், அதைப்போல் காற்றாலை வாங்கிய ஊராட்சிகளை விரல் விட்டு எண்ணிவிடலாம். ஊராட்சி கடன் வாங்குவதற்கான அனுமதிகள், வரி வசூல் ஒழுங்கு, பல வருடம் நிலையான தலைமை எல்லாம் கூடிவந்த இடம் அது. சுற்றுலா கூட்டிப்போவதால் அது ஒட்டிக்கொள்ளாது.

கேரளத்தோடு ஒப்பிட்டால் வித்தியாசம் எங்கே என்று தெரியும். அங்கே 1996-இல் மக்கள் திட்ட இயக்கம் தொடங்கியபோதே மாநிலத் திட்ட நிதியில் 35 முதல் 40 சதவீதம் வரை உள்ளாட்சிகளுக்குப் பிரித்துக் கொடுக்க முடிவெடுத்தார்கள். கையில் காசு இருந்ததால் ஊர்க்கூட்டத்தில் பேசுவதற்கு விஷயம் இருந்தது. வயநாட்டில் மீனங்காடி ஊராட்சி, கார்பன் சமநிலை (வெளியே விடும் கார்பனும் உறிஞ்சிக்கொள்ளும் கார்பனும் சரிக்குச் சரியாக இருப்பது) என்ற உலகப் பெரிய சங்கதியைக் கூட்டுறவு வங்கிக் கவுண்டருக்குக் கொண்டுவந்தது. மரத்தை அடமானமாக வைத்தால் மரம் ஒன்றுக்கு வருடம் 50 ரூபாய் என்று பத்து வருடத்துக்கு வட்டியில்லாக் கடன். மரத்தை வெட்டினால்தான் திருப்பிக் கட்ட வேண்டும். இதற்கு மாநில அரசு 10 கோடி ரூபாய் வைப்பு நிதி தந்தது. 50 ரூபாய் சின்னத் தொகைதான். ஆனால் பருவநிலைக்கான பதின்மூன்றாவது இலக்கைப் பற்றி மீனங்காடி விவசாயியிடம் பேச வேண்டுமானால் பாஸ்புக்கை நீட்டினால் போதும்.

தமிழ்நாட்டில் நம் கையில் இருப்பது கிராம சபை. குடியரசு தினம், தண்ணீர் தினமான மார்ச் 22, மே தினம், சுதந்திர தினம், காந்தி ஜெயந்தி, உள்ளாட்சி தினமான நவம்பர் 1 என்று வருடத்துக்கு ஆறு. மக்கள்தொகை 500 வரை என்றால் 50 பேர், 3,000 வரை 100 பேர், 10,000 வரை 200 பேர், அதற்கு மேல் 300 பேர் வந்தால்தான் கோரம். நடப்பில் என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியும்: நூறு நாள் வேலைக்காரர்களைக் கூட்டிவந்து கையெழுத்து வாங்கிவிட்டு, தீர்மானத்தைப் பிறகு சாவகாசமாக எழுதுவார்கள். அங்கேதான் நீங்கள் நிற்க வேண்டும். தீர்மானத்தை முன்கூட்டியே எழுதிக் கொண்டுபோங்கள், கூட்டத்திலேயே நோட்டில் ஏறச் செய்யுங்கள், ஏறியதை வாசிக்கச் சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள். "குடிநீர்ப் பிரச்சினையைத் தீர்க்க நடவடிக்கை எடுக்கத் தீர்மானிக்கப்பட்டது" என்று எழுதினால் அது எழுதியதோடு முடிந்தது. உதாரணத்துக்கு இப்படி எழுதிப் பாருங்கள்: "கிழக்குத் தெருவின் 32 வீடுகளுக்குக் காலையில் வீட்டுக்கு இரண்டு குடம் மட்டுமே கிடைப்பது சபையில் வைக்கப்பட்ட கணக்கின் மூலம் தெரியவந்தது. அத்தெருவுக்குத் தனிப் பகிர்மானக் குழாயும் வால்வும் அமைக்கவும், குழிக் குழாய்களைத் தரைக்கு மேல் உயர்த்தவும், நிதிக்குழு மானியத்தின் குடிநீர்ப் பகுதியிலிருந்து செலவு செய்யவும், அடுத்த கிராம சபையில் தெருவாரியாக மறுகணக்கு வைக்கவும் தீர்மானிக்கப்பட்டது." தெரு, எண்ணிக்கை, தலைப்பு, கெடு நான்கும் இருப்பதால் இதைத் தட்டிக்கழிப்பது கஷ்டம். கடைசி வாக்கியம்தான் முக்கியமானது, அதை விட்டுவிடாதீர்கள்.

பெண்களைப் பற்றித் தனியாக ஒன்று. தமிழ்நாட்டு ஊராட்சிகளில் பாதி இடம் பெண்களுக்கு. தலைவரின் கணவர் தலைவராக நடந்துகொள்ளும் ஊர்கள் இன்னும் இருக்கின்றன. இதற்குப் பாலினப் பயிற்சி நடத்துவதைவிடக் கூட்டத்தைத் தலைவர் நேரடியாகப் பதில் சொல்லியே ஆக வேண்டிய விதத்தில் அமைப்பது பலன் தரும். குழுப் பெண்கள் கோலமாவு வரைபடத்தோடு வந்து தலைவரிடம் கேட்டால் கணவர் முந்திக்கொண்டு பதில் சொல்வது சங்கடமாகிவிடும். ஊராட்சி அளவிலான மகளிர் குழுக் கூட்டமைப்பு வருடா வருடம் வறுமைக் குறைப்புக்காகத் தயாரிக்கும் திட்டம் ஊராட்சித் திட்டத்தோடு சேர்க்கப்பட வேண்டும். அது சேர்ந்ததா என்று கேட்கும் உரிமை கூட்டமைப்புக்கு இருக்கிறது, கேட்பதில்லை, அவ்வளவுதான்.

உங்கள் ஊராட்சிகள் 2025 ஜனவரியில் பதவிக்காலம் முடிந்த மாவட்டங்களுக்குள் வருபவை என்றால், தனி அலுவலர் ஆட்சியையும் பார்த்திருப்பீர்கள். தலைவர் இல்லாத காலத்தில் இந்த வேலை ஒன்றும் நடக்காது என்று விட்டுவிட வேண்டியதில்லை. தனி அலுவலர் காலத்திலும் கிராம சபை கூடத்தான் செய்கிறது, திட்டமும் ஏறத்தான் செய்கிறது. ஓட்டுக் கணக்கு இல்லாததால் கடைசித் தெருக் கோரிக்கை சில இடங்களில் சுலபமாகவே நிறைவேறியது. ஆனால் பொறுப்புக் கேட்க ஆள் இருக்கமாட்டார். எழுத்தில் வாங்கிக்கொள்வது அப்போது இரண்டு மடங்கு அவசியம்.

கடைசியாக உங்கள் நிதி நிறுவன அறிக்கை. அதை ஊரின் தலையில் கட்டாதீர்கள், அலுவலகத்தில் உட்கார்ந்து நீங்களே பொருத்திக்கொள்ளுங்கள். கிழக்குத் தெருக் குழாய் 6.1 என்ற உப இலக்கில் வரும். ஐந்து பெண்கள் தண்ணீரைச் சோதிப்பது சமூகப் பங்கேற்பைக் கேட்கும் 6.பி. காலனிக்குத் தனிப் பகிர்மானம் போனது 10.2. ரத்தசோகை 2.2. கிராம சபையில் மறுகணக்கு வைத்தது 16.7. ஒரே தெருவில் நடந்த ஒரே வேலைக்கு இத்தனை கட்டங்களை நேர்மையாகவே நிரப்பலாம். அறிக்கையோடு கோலமாவு வரைபடத்தின் போட்டோ, தீர்மான நோட்டின் நகல், முன்னும் பின்னும் எடுத்த குடக் கணக்கு மூன்றையும் இணைத்து அனுப்புங்கள். பயிற்சியில் எத்தனை பேர் கலந்துகொண்டார்கள் என்ற எண்ணிக்கையை அவர்கள் கேட்டால் அதையும் ஒரு வரியில் போட்டுவிடுங்கள்.